நன்னாரிக்கு ஓர் அத்தாட்சிப்பத்திரம்

நன்னாரிக்கு மணம் உண்டு என்ற செய்தி மன்னார் மாவட்டத்தில் நெடுங்காலமாக எந்த ஆதாரமும் இல்லாமல் புழங்கிவந்தது. மூக்கு வைத்திருந்த எல்லோரும் அதை நம்பினார்கள். இப்படி மூக்குவழியாகப் பரவும் ஒரு விசயத்தை எத்தனை காலத்துக்குத்தான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியும்? அதனால் தாவர நறுமண நியமப் பணியகம் என்று ஒன்று உண்டானது. கொழும்பில் அதற்கு ஒரு தலைமைக் காரியாலயமும் ஆய்வுகூடமும். மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கிளைக் கந்தோர்: ஒரு மேசை, இரண்டு கதிரை, திறப்புத் தொலைந்த ஓர் அலுமாரி, ஒரு நறுமண உத்தியோகத்தர்.

விதி சுருக்கமானது. போத்தலில் "நன்னாரி" என்று எழுதி விற்க வேண்டுமானால், ஒரு கிராம் வேரில் இரண்டு மில்லிகிராமுக்குக் குறையாமல் மணச்சத்து இருக்கிறது என்று இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் "பழுப்பு நிற இனிப்புப் பானம்" என்று எழுதி விற்கலாம். அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

பாப்பாமோட்டை இராசேஸ்வரி மூன்று வருசமாக நன்னாரி வளர்த்தவள். காணி அவளுடையது இல்லை. காணிக்காரன் காலபோக நெல்லுக்கு உழப்போகிறேன் என்று தவணை சொல்லிவிட்டான். ஐப்பசிக்கு முதல் வேரெல்லாம் வெளியே வரவேண்டும். வந்த வேரைக் காய்ச்சிச் சர்பத்தாக்கி, ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு வருகிற சனத்துக்கு விற்பது என்பது அவளுடைய திட்டம். போத்தல் வாங்கியாயிற்று. "நன்னாரி" என்று லேபலும் அடித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் விதி வந்தது.

அவள் உப்புக்குளத்தில் என் கடைக்கு வந்தாள். நான் சாக்கும் வாங்குவேன், சங்கும் வாங்குவேன். எதையும் சொன்ன விலைக்கு வாங்கினதாகச் சரித்திரம் இல்லை. அந்தப் பேர் பாப்பாமோட்டை வரைக்கும் போயிருக்கிறது.

"எட்வேட் அண்ணை, உங்களாலை ஆரோடையும் பேரம் பேசேலும் எண்டு சொல்லுகினம். அந்த இரண்டு மில்லிகிராமை ஒண்டாக்கித் தரச்சொல்லிக் கேளுங்கோவன்."

"உன்ரை வேரிலை மணம் குறைவோ?"

அவள் சேலைத் தலைப்பில் கட்டியிருந்த வேர்த்துண்டை எடுத்து என் மேசையில் வைத்தாள். அன்றைக்கு என் கடையில் மிளகாய் மூட்டை இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது, நான் இருந்தேன். மூன்று மணத்தையும் அது அடித்துப் போட்டது.

"இதுக்கு ஏன் பேரம்? நட, கந்தோருக்கு" என்றேன்.

நறுமண உத்தியோகத்தர் கொன்ஸ்ரன்ரைன் நல்ல மனிசன். நேரத்துக்கு வருவார், இஸ்திரி போட்ட சேட்டு, யாரையும் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கதைப்பார். இராசேஸ்வரி பொதியை அவிழ்த்தாள். பக்கத்துக் கந்தோர்ப் பியோன் கதவடியில் வந்து நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டான்.

"என்ன இது?" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"நன்னாரி, சேர். மணந்து பாருங்கோ."

"எனக்கு மணம் தெரியாது. கொரோனா வந்து போனதோடை அது போட்டுது."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "மணம் தெரியாத உங்களை என்னண்டு சேர் நறுமண உத்தியோகத்துக்குப் போட்டவை?"

"அதுக்காகத்தான் போட்டவை" என்றார், பெருமையை அடக்கிக்கொண்டு. "நேர்முகப் பரீட்சைக்குப் பதினாலு பேர் வந்தவை. மற்றப் பதின்மூண்டு பேருக்கும் மூக்கு வேலை செய்தது. பக்கச்சார்பு வந்திடும் எண்டு விட்டிட்டினம்."

"அப்ப இதுக்கு மணம் இருக்கோ இல்லையோ எண்டு ஆர் சொல்லுறது? அந்தா, அந்தப் பியோன் நிண்டு சாகிறான், அவனைக் கேளுங்கோ!"

"அவர் மீன்பிடித் திணைக்களம். அவற்றை மூக்குக்கு இங்கை அதிகாரம் இல்லை."

நான் மேசையில் அடிக்கக் கையை ஓங்கினேன். இராசேஸ்வரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கொன்ஸ்ரன்ரைன் மூன்று பிரதியில் படிவம் நிரப்பினார். சுற்றுநிருபத்தின்படி பிளாஸ்டிக் கூடாது. மாதிரி வேரைப் புதுப் பருத்தித் துணிப்பையில் கட்டி முத்திரை வைத்தார். விண்ணப்பதாரியோ அவரின் பிரதிநிதியோ அதை நேரில் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.

"கெதியாய் முடியுமோ, சேர்? மடுவுக்கு இன்னும் ஏழு கிழமைதான் கிடக்கு" என்றாள் இராசேஸ்வரி.

"ஆய்வுக்கு ஒரு நாள் போதும்" என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கேட்டார்: "எட்வேட், இப்ப சிலாவத்துறைப் பக்கம் கட்டாக் கருவாடு நல்லாய் வருதாம், என்ன?"

இந்த இடத்தில் வெளியூர் ஆட்களுக்கு ஒரு விளக்கம். மன்னாரிலிருந்து கொழும்புக் கந்தோருக்குப் போகிறவனிடம் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று விண்ணப்பம். மற்றது கருவாடு. விண்ணப்பத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு வந்த ஆட்கள் உண்டு. கருவாட்டை மறந்துவிட்டுப் போய் முடித்தவர் இருந்தால் எனக்கு அறிவியுங்கள். லஞ்சம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. சுகம் விசாரிப்பது என்று சொல்வோம்.

இராசேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. "நல்ல வேருக்கு ஏன் அண்ணை கருவாடு?"

"நல்ல வேர் எண்டபடியால்தான் கருவாட்டோடை முடியுது. கூடாத வேர் எண்டால் காசெல்லோ கேப்பினம்."

"நான் தொடமாட்டன். இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"நீ தொடவேண்டாம். நான் கட்டுறன்."

சிலாவத்துறைக்குப் போய் முதல்தரமான கட்டா எடுத்தேன். சதைக்குள் எண்ணெய் மினுங்கிற சாதி. கால்வாசி கொன்ஸ்ரன்ரைன் வீட்டுக்கு. மிச்சம் கொழும்புப் பணிப்பாளருக்கு. இரண்டு பொதி தூக்க எனக்கு என்ன விசரா? ஐஸ் மீன் ஏற்றுகிற, மூடியுள்ள ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி எடுத்தேன். கீழே கருவாடு, மேலே துணிப்பை. சுற்றிவர ஒட்டுகிற ரேப். வழியில் பியோன்மார் கருவாட்டை உருவிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இதில் எனக்கு இருபது வருச அனுபவம். ஆகவே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "பணிப்பாளரின் நேரடிக் கவனத்துக்கு மட்டும். வேறெவரும் திறக்கலாகாது."

மிகவும் கெட்டித்தனமான வேலை. நானே என் தோளில் தட்டிக்கொண்டேன்.

கொழும்பில் பணிப்பாளர் இல்லை. நறுமண நிருவாகம் பற்றிப் படிக்க வெளிநாடு போயிருந்தார். அவருடைய காரியதரிசி பெட்டியின் மேல் இருந்ததை இரண்டு தரம் வாசித்தாள். அந்தக் கந்தோரில் எழுதியபடி நடக்கிற ஒரே ஆள் அவள்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெட்டியைப் பணிப்பாளரின் அறைக்குள் வைத்து, மின்சாரச் சிக்கனம் கருதி ஏசியை நிறுத்தி, கதவைப் பூட்டி, திறப்பைக் கடித உறையில் போட்டு ஒட்டினாள்.

"எப்ப வருவார்?"

"மூண்டு கிழமையிலை."

மூன்று கிழமையும் இராசேஸ்வரி தினம் போன் எடுத்தாள். "அண்ணை, என்னவாம்?" நானும் தினம் சொன்னேன், "நேரடிக் கவனத்திலை இருக்கு."

நாலாவது கிழமை பணிப்பாளர் வந்து பெட்டியைத் திறந்தார். எங்களைக் கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்தது. ஆய்வுகூடத்தில் இருந்த இரசாயனக்காரி நிறஞ்சலா எங்கள் பக்கத்துத் தாழ்வுபாட்டுப் பிள்ளை. எங்களைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டாள். ஒரு நீளக் கடதாசியை விரித்தாள். அதில் ஒரு கோடு, இடைக்கிடை ஊசிமாதிரி மேலே எழும்பி இறங்கியது.

"வேரை அரைச்சு ஒரு குப்பியிலை அடைச்சுச் சூடாக்குவம். மேலை வாற ஆவியை இந்த மெசினுக்குள்ளை விட்டால், கலந்து கிடக்கிற மணங்களை ஒவ்வொண்டாய்ப் பிரிச்சு வெளியிலை விடும். ஒவ்வொண்டுக்கும் ஒரு ஊசி. ஊசியின்ரை அளவை வைச்சு எவ்வளவு இருக்கெண்டு கணக்கெடுப்பம்."

"இதிலை நன்னாரி எது, பிள்ளை?" என்று கேட்டாள் இராசேஸ்வரி.

நிறஞ்சலா ஒரு சின்ன ஊசியைத் தொட்டாள். அதற்கு ஒரு பெயர் சொன்னாள். பெயர் முடிவதற்குள் நான் ஒரு லோட் சாக்கு விற்றிருப்பேன். "வனிலா மணத்துக்கு ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு கிராமிலை ஒண்டு தசம் ஒண்டு மில்லிகிராம். இரண்டு வேணும். துணிப்பையிலை மூண்டு கிழமை புழுக்கத்திலை கிடந்தால் பறக்காமல் என்ன செய்யும்?"

"அப்ப இந்தப் பெரிய ஊசி?" என்றேன் நான். அது கடதாசியின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

நிறஞ்சலா என்னைப் பார்த்தாள்.

"அது மீன் வெடுக்கு, அங்கிள்."

இராசேஸ்வரி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நல்லது.

"உனக்கு மூக்கு இருக்கெல்லோ? பையை அவிழ்த்தவுடனை தெரிஞ்சிருக்குமே! பேந்து ஏன் அதை மெசினுக்குள்ளை விட்டனீ?" என்று பாய்ந்தேன்.

"தெரிஞ்சது. எழுதத்தான் இடம் இல்லை. படிவத்திலை மெசினுக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "புது வேர் கொண்டாந்து தாங்கோ. இண்டைக்கு வந்தால் நாளைக்குச் சொல்லுவன். இதைவிட மூண்டு மடங்கு வரும், எனக்குத் தெரியும்."

இதைவிட இலேசான காரியம் உலகத்தில் உண்டா? அந்த இலேசான காரியத்தைச் செய்யத்தான் பணிப்பாளர் சிவசுப்பிரமணியத்தின் அறைக்குப் போனோம். கொன்ஸ்ரன்ரைனையும் மன்னாரிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அறையில் கருவாட்டு மணம் தாங்காமல் எல்லோரும் யன்னல் பக்கமாக இருந்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் மட்டும் நடுவில் நிம்மதியாக இருந்தார்.

"இரண்டாம் தரம் மாதிரி வேர் எடுக்கலாம்" என்றார் பணிப்பாளர். "முதலாவது செல்லாது எண்டு காரணத்தோடை எழுதினால் போதும்."

"காரணம் கருவாடு, சேர்" என்றேன்.

"எது கருவாடு?"

"பெட்டியிலை இருந்தது."

"பெட்டியிலை முத்திரை வைச்ச துணிப்பை ஒண்டு மட்டும் இருந்தது எண்டு நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"அப்ப நீங்கள் திண்டது?"

"நான் ஏதும் திண்டதாய் ஆவணம் இல்லை" என்றார். பிறகு குரல் இளகியது. "நல்ல கட்டா, எட்வேட். மனிசி சொதியோடை தந்தவ. ஆனால் ஆவணம் இல்லை."

"நான் எழுதித் தாறன் சேர்! நான்தான் வைச்சனான் எண்டு!"

"எழுதுங்கோ. ஒரு அரசாங்க உத்தியோகத்தருக்குக் கருவாடு குடுத்தனான் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. உங்களைப் பிடிக்க ஆக்கள் வருவினம். பேந்து என்னை. அதுக்குப் பிறகு கொன்ஸ்ரன்ரைனை. நீர் எவ்வளவு எடுத்தனீர், கொன்ஸ்ரன்ரைன்?"

"கால்வாசி, சேர்."

"பாத்தீங்களோ? மூண்டு பேரும் உள்ளை போனால் இந்தப் பிள்ளையின்ரை அத்தாட்சிப்பத்திரத்திலை கையெழுத்து வைக்க ஆர் மிச்சம்?"

சந்தையில் ஒருத்தன் என்னிடம் இப்படி மடக்கிப் பேசியிருந்தால் அவனுக்குக் கைகொடுத்திருப்பேன்.

இராசேஸ்வரி எழும்பி நின்றாள். "சேர், நீங்கள் திண்டதும் இவர் குடுத்ததும் எனக்குத் தேவையில்லை. என்ரை வேர் மணக்குது. அதை எழுதித் தாங்கோ. ஐப்பசியிலை கலப்பை இறங்கிடும்."

அப்போதுதான் கொன்ஸ்ரன்ரைன் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு மூக்குத்தான் இல்லை.

"சேர், மெசின் பொய் சொல்லாது. வேரிலை மீன் மணம் இருக்கு எண்டு மெசின் சொல்லுது. கருவாடு இல்லை எண்டு ஆவணம் சொல்லுது. அப்ப அந்த மணம் எங்கையிருந்து வந்திருக்கும்?"

பணிப்பாளரின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. "வேரிலையிருந்து."

"இயற்கையாய், சேர்."

"அம்மா, உங்கடை தோட்டத்திலையிருந்து பாத்தால் கடல் தெரியுமோ?"

"வயல்தான் தெரியும், சேர்."

"காத்து வருமோ?"

"காத்து வராமல் என்ன சேர் செய்யும்?"

"எழுதும், கொன்ஸ்ரன்ரைன். மேற்படி பயிர், கடலுடன் நீண்டகால வளிமண்டலத் தொடர்பைப் பேணிவந்துள்ளது."

அன்று பின்னேரமே புதிய நியமம் ஒன்று பிறந்தது. பெயர்: "கடல்சார் நன்னாரி, மன்னார் வகை." நன்னாரி மணம் ஒரு மில்லிகிராம் இருந்தால் போதும். கடல்சார் நறுமணம் மட்டும், இராசேஸ்வரியின் மாதிரி வேரில் கண்ட அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நிறஞ்சலா வாசலில் நின்று, "சேர், அது நறுமணம் இல்லை, பழுதாகிற மீனின்ரை மணம்" என்றாள். "பிள்ளை, நீங்கள் அளவைச் சொல்லுங்கோ. அது நறுமணமோ இல்லையோ எண்டது நிருவாகத் தீர்மானம்" என்றார் பணிப்பாளர்.

கையில் அத்தாட்சிப்பத்திரம். பஸ்ஸில் இராசேஸ்வரி அதை விரித்து வாசித்துக்கொண்டே வந்தாள். மதவாச்சியில் மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அண்ணை, இனி எனக்கு உதவி செய்யாதேங்கோ" என்றாள்.

ஆனால் மடுவில் நடந்ததைக் கேளுங்கள். பாதி வேரைத் தோண்டி, பச்சையாகவே காய்ச்சி, போத்தலில் அடைத்து, "கடல்சார் நன்னாரி" என்று புது லேபல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே இருந்தது சுத்தமான நன்னாரி. மீன் என்ற பேச்சே இல்லை. நடந்து வந்த சனம் தாகத்தில் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்று போனது. அவர்களுக்கு லேபல் வாசிக்க நேரமில்லை. பிறகு கொழும்பிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெட்டையும் அவளுடைய சிநேகிதங்களும் வந்தார்கள். அவள் லேபலை வாசித்தாள். கண்ணை மூடினாள். ஒரு மிடறு. கையில் இருந்த போனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஓ… கடல்! நாக்கிலை அலை அடிக்குது!"

அவ்வளவுதான். கிழமை திரும்புவதற்குள் கொழும்பில் கடைகடையாக ஜாம் போத்தலில் கடல்சார் நன்னாரி ஊற்றினார்கள். மூட்டுவலிக்கு நல்லதாம். முகத்துக்கும் பூசலாமாம். ஒருத்தர் குடித்துவிட்டு, மன்னாருக்கு வராமலே மன்னாரைக் கண்டதாக எழுதினார். இராசேஸ்வரியின் போத்தல் எல்லாம் முடிந்தது. மிச்சப் பாதி வேருக்கும் இப்போதே ஓடர். நான், உதவி செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்டவன், முன்னுக்கு நின்று மீசையை முறுக்கினேன்.

புரட்டாதியில் கடிதம் வந்தது. கடையொன்றில் எடுத்த போத்தலையும் அவளுடைய கொட்டிலில் கொன்ஸ்ரன்ரைன் எடுத்த வேரையும் சோதித்தார்களாம். கடிதத்தை அவரே கொண்டுவந்து, கொட்டில் வாசலில் நின்று உரத்து வாசித்தார்.

"நன்னாரி மணச்சத்து: மூன்று தசம் நான்கு மில்லிகிராம். கடல்சார் நறுமணம்: காணப்படவில்லை. முடிவு: இப்பொருள் கலப்படமானது. கடல்சார் நன்னாரியில் தூய நன்னாரி கலக்கப்பட்டுள்ளது. பதினான்கு நாட்களுக்குள் திருத்தப்படாவிடின் அத்தாட்சிப்பத்திரம் இரத்தாகும்."

"கோதாரி!" என்று நான் கத்தினேன். "சுத்தமாய் இருக்கிறது குற்றமோ?"

"சுத்தம் எண்டதுக்கு நாங்கள் எதிரி இல்லை" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "நியமத்திலை இல்லாத பொருள். அவ்வளவுதான்."

"அப்ப பழைய நியமத்திலை பதியுங்கோ! இரண்டு கேட்டீங்கள், மூண்டு தசம் நாலு இருக்கு!"

"ஒரு தோட்டம் ஒருக்கால் கடல்சார் எண்டு பதிஞ்சால் பேந்து தரைக்கு இறக்கேலாது. மண் இடம் மாறினதாய் அளவைத் திணைக்களம் கடிதம் தரவேணும்."

இராசேஸ்வரி வாசலில் குந்தியிருந்தாள். பின்னால் கொட்டிலில் மிச்ச வேர் அவ்வளவும் கயிற்றில் தொங்கியது. வளவெல்லாம் மணம். கலப்பைக்கு இன்னும் மூன்று கிழமை. எட்டி ஒரு வேரை உருவி மணந்து பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

"அண்ணை, சிலாவத்துறையிலை இப்பவும் கட்டா வருதோ?"

நானே கொண்டுவந்து நானே கட்டினேன். ஒரு கயிறு நன்னாரி, ஒரு கயிறு கருவாடு, ஒரு கயிறு நன்னாரி. பாப்பாமோட்டைப் பூனை எல்லாம் ஆயுர்வேதத்தில் அக்கறை காட்டத் தொடங்கின. பதின்மூன்றாம் நாள் மாதிரி வேர் கொழும்புக்குப் போனது. இந்தமுறை கருவாட்டைத் தனியாகக் கொண்டுபோக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சோதனையில் சிறப்புச் சித்தி. பாராட்டுக் கடிதமும் கூட. நிறஞ்சலா மட்டும் கடதாசியின் மூலையில் பென்சிலால் "மன்னியுங்கோ அன்ரி" என்று எழுதியிருந்தாள். கொழும்பில் குடித்தவர்கள், முந்தினதைவிட இதில்தான் கடல் வடிவாய்த் தெரிகிறது என்றார்கள். அது உண்மைதான்.

ஐப்பசியில் கலப்பை இறங்கியது. வேர் எல்லாம் விற்று முடிந்திருந்தது. இராசேஸ்வரி முருங்கன் பக்கம் சொந்தமாக ஒரு துண்டுக் காணி பார்த்துவிட்டாள். அந்தச் சந்தோசத்தில் என்னை வீட்டுக்கு வரச்சொன்னாள். நான் அவளை மன்னிப்புக் கேட்க விடவில்லை. அவளும் கேட்கவில்லை.

"இருங்கோ அண்ணை. இவ்வளவு காலமும் ஊருக்கெல்லாம் கருவாட்டைக் காய்ச்சிக் குடுத்தனாங்கள். முதல் தோண்டின வேரிலை ஒரு போத்தல் ஒளிச்சு வைச்சிருக்கிறன். லேபல் ஒட்டாதது. சுத்தமான நன்னாரி. உங்களுக்கெண்டுதான்."

கண்ணாடிக் கிளாசில் ஊற்றித் தேசிக்காய் பிழிந்து தந்தாள். நான் மரியாதையாக நிமிர்ந்திருந்து ஒரு மிடறு குடித்தேன். கண்ணை மூடினேன். இன்னொரு மிடறு.

"எப்பிடி?"

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். நாக்குக் கேட்கவில்லை.

"தங்கச்சி, கோவியாதை… இதிலை ஏதோ ஒண்டு குறையுது."

இராசேஸ்வரி கிளாசை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். எழும்பிப் போனாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கொட்டில் வளையில் மிச்சமாகத் தொங்கிய கட்டாத் துண்டொன்றை விரல் நுனியால் இழுத்து எடுத்துக்கொண்டு வந்து, கிளாசின் விளிம்பில் தேசிக்காய் வைக்கிறமாதிரிச் செருகினாள்.

"இப்ப?" என்றாள்.

நான் குடித்துப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன். "இப்ப சரி."